ஒரு மூலமும் பல பிரதிகளும்: பா நாடகப் பதிப்பில் எக்ஸ்.எம்.எல். உருமாற்றம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள அளவெட்டி, ஈழத்துக் கலை வரலாற்றில் இரு காரணங்களால் இடம்பெற்ற கிராமமாகும். நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியும் (1933–1975) வாழ்ந்த ஊர் என்பது ஒன்று. நவீன தமிழ்க் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவரான ‘மஹாகவி’ து. உருத்திரமூர்த்தி (1927–1971) பிறந்த ஊர் என்பது மற்றொன்று. இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடமாக மஹாகவியின் ‘கோடை’ என்னும் பா நாடகத்தைக் கொள்ளலாம். 1970இல் நூலுருப்பெற்ற அந்நாடகம் மேளக் கலைஞர் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டது.

மஹாகவியின் பா நாடகங்களைப் பற்றிப் பேசுவோர் தவறாது குறிப்பிடும் அம்சம் ஒன்றுண்டு. மரபுவழி யாப்பின் கட்டுக்கோப்பைக் கைவிடாமலே அன்றாடப் பேச்சின் ஓசையை அவர் செய்யுளுக்குள் கொண்டுவந்தார் என்பதே அது. முருகையனும் நீலாவணனும் இவ்வகையில் அவரோடு ஒப்பவைத்து நோக்கற்பாலர். இத்தகைய செய்யுளில் யாப்பும் பேச்சும் ஒரே சொற்களின்மீது ஒருங்கே இயங்குகின்றன. அடி ஒரு பாத்திரத்தின் வாயில் தொடங்கி மற்றொரு பாத்திரத்தின் வாயில் முடியலாம். ஒருவரது கூற்று ஓரடியின் நடுவில் எழுந்து அடுத்த அடியின் நடுவில் ஓயலாம். மேடையில் இதனாற் சிக்கல் எதுவுமில்லை. கேட்பவரின் செவி இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்கின்றது. அச்சுத்தாளிலேதான் சிக்கல் எழுகின்றது. அடிகளை அடிகளாக அச்சிட்டால் பேச்சின் ஓட்டம் மறைகின்றது. கூற்றுக்களாக அச்சிட்டால் யாப்பு மறைகின்றது. பதிப்பாசிரியர் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். அவரது தெரிவு வெறும் அச்சக விவகாரமன்று. மஹாகவியை யாப்பின் கவிஞராக வாசிப்பதா, பேச்சின் கவிஞராக வாசிப்பதா என்ற விமர்சனப் பிரச்சினைக்கு அப்பக்கம் முன்கூட்டியே விடை கூறிவிடுகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கவிஞர் 1971இல் காலமானவர். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோன் மறைவின்பின் 70 ஆண்டுகளுக்கு உரிமையைக் காப்பதால், அவருடைய படைப்புக்கள் 2041 முடியும்வரை காப்புரிமைக்கு உட்பட்டவை. எனவே அவரது அடிகளை எடுத்தாளாது, விளக்கத்தின்பொருட்டு நாமே அமைத்த இரண்டு அகவலடிகளை ஈண்டுத் தருகின்றோம். கவித்துவம் தேடவேண்டியதில்லை, யாப்பு மட்டும் வழுவாதிருக்கின்றது.

தாய்: மழைவரும் போலடா தம்பி!
மகன்: வரட்டுமே; வெயிலிலே புழுங்கினோம் போதும்!
தாய்: புகையிலை?

பேச்சு நோக்கில் இங்கு மூன்று கூற்றுக்கள் உள்ளன. யாப்பு நோக்கில் நாற்சீரடிகள் இரண்டு. முதலடி ‘வரட்டுமே’ என்பதோடு முடிகின்றது. அதாவது தாயின் மூன்று சீர்களும் மகனின் ஒரு சீரும் சேர்ந்தே அவ்வடி நிறைகின்றது. இரண்டாமடியில் மகனின் மூன்று சீர்களைத் தாயின் ‘புகையிலை?’ நிறைவு செய்கின்றது. மகனது கூற்று இரண்டு அடிகளிலும் கால் பதித்து நிற்கின்றது. கூற்றுக்குள் அடி அடங்கவில்லை. அடிக்குள் கூற்றும் அடங்கவில்லை.

இனி, இதே நாடகத்தை மேடையேற்றுவோரின் தேவை வேறு. தாயாக நடிப்பவருக்குத் தாயின் பகுதி வேண்டும். மகனாக நடிப்பவருக்கு மகனின் பகுதி வேண்டும். இத்தேவை புதியதன்று. மட்டக்களப்புக் கூத்து மரபில் ‘சட்டங் கொடுத்தல்’ என ஒரு நிகழ்வு உண்டு. கூத்தின் முழுமையான எழுத்துப் பிரதி அண்ணாவியாரின் கையில் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்குமுரிய பகுதி தனித்தனியே எழுதப்பட்டுக் கூத்தருக்கு வழங்கப்படும். அவ்வாறு வழங்கப்படும் பகுதியே சட்டம். சேக்ஸ்பியர் காலத்து இலண்டன் அரங்கிலும் இதற்கு ஒப்பான வழக்கம் இருந்தது. நடிகர் எட்வர்ட் அலெயின் பயன்படுத்திய அத்தகைய தனிப்பகுதி ஒன்று, ரொபர்ட் கிறீனின் நாடகமொன்றுக்குரியது, டல்விச் கல்லூரியில் இன்றும் பேணப்படுகின்றது. தன் கூற்றுக்கு முன்னர் மற்றவர் பேசும் இறுதிச் சொற்கள் மட்டும் குறிப்பாக அதில் எழுதப்பட்டிருக்கும். பாத்திரத்தைக் குறிக்கும் ‘ரோல்’ என்ற ஆங்கிலச் சொல்லே இவ்வாறு சுருட்டிவைத்த தாளிலிருந்து பிறந்தது என்பது சுவையான செய்தி.

ஆகவே ஒரு பா நாடகத்துக்குக் குறைந்தது நான்கு வகைப் பிரதிகள் தேவைப்படுகின்றன: வாசகருக்குக் கூற்றுப் பிரதி, யாப்பு ஆராய்வோருக்கு அடிப் பிரதி, நடிகருக்குச் சட்டம், ஆய்வாளருக்குச் சொல்லடைவு. பாத்திரங்கள் பத்து எனில் சட்டங்கள் மட்டுமே பத்தாகும். இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுதினால் என்ன நேரும் என்பதை ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்தோர் நன்கறிவர். ஒரு பிரதியில் திருத்தம் ஏறும், மற்றொன்றில் ஏறாது. பாடபேதங்கள் ஆசிரியனின் அறிவுக்கு எட்டாமலே பெருகும். கணினி வந்தபின்னும் இந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களை மின்னெழுத்தில் தந்த பெரும்பணி. எனினும் எழுத்துக் குறியீட்டு முறைகள் மாறிய காலத்தில் ஒரே நூல் தஸ்கி, யுனிகோட் எனவும், வலைப்பக்கம், பி.டி.எவ். எனவும் வெவ்வேறு கோப்புக்களாக வெளிவரவேண்டியிருந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களின் பக்கங்களைப் படமாக வருடிக் காத்து வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த ஒரு சமூகத்துக்கு இப்பணியின் பெறுமதியை எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆயினும் பக்கத்தின் படம், அப்பக்கத்தை அச்சிட்டவரின் தெரிவையே காக்கின்றது. அடியையும் கூற்றையும் அது வேறுபிரித்து அறியாது.

இவ்விடத்திலேதான் எக்ஸ்.எம்.எல். எனப்படும் குறிப்பு மொழி நம் கவனத்துக்கு உரியதாகின்றது. 1998இல் உலகளாவிய வலைச் சங்கம் இதனை விதந்துரையாக வெளியிட்டது. அதன் கருத்து எளிமையானது: எழுத்து எப்படித் தோன்றவேண்டும் என்பதைக் குறிக்காமல், எழுத்தின் ஒவ்வொரு பகுதியும் என்ன என்பதைக் குறித்து வைப்பது. குறிகளின் பெயர்களை நாமே வகுத்துக்கொள்ளலாம். அவை தமிழ் எழுத்திலேயே அமையலாம் என்பதைப் பலர் அறியார். மேற்காட்டிய பகுதியைப் பின்வருமாறு குறிக்கலாம்:

<கூற்று பேசுபவர்="தாய்"><அடி எண்="1" பகுதி="முதல்">மழைவரும் போலடா தம்பி!</அடி></கூற்று>

<கூற்று பேசுபவர்="மகன்"><அடி எண்="1" பகுதி="ஈறு">வரட்டுமே;</அடி><அடி எண்="2" பகுதி="முதல்">வெயிலிலே புழுங்கினோம் போதும்!</அடி></கூற்று>

<கூற்று பேசுபவர்="தாய்"><அடி எண்="2" பகுதி="ஈறு">புகையிலை?</அடி></கூற்று>

எக்ஸ்.எம்.எல். ஆவணம் ஒரு மரத்தை ஒத்தது. கிளைக்குள் கிளை அடங்கலாம். இரு கிளைகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்ல முடியாது. அடியும் கூற்றும் ஊடறுப்பன என்பதை முன்னரே கண்டோம். எனவே ஒன்றை முழுமையாக வைத்து மற்றதைத் துண்டாக்க நேர்கின்றது. இங்கே கூற்று முழுமை பெற்றது, அடி துண்டானது, ஆனால் எந்தத் துண்டு எந்த அடியின் முதல், எது ஈறு என்ற செய்தி இழக்கப்படவில்லை. 1987இல் தொடங்கிய, மானிடவியல் துறை நூல்களுக்கான எழுத்துக் குறிப்பு முயற்சி ஐரோப்பியப் பா நாடகங்களுக்கு வகுத்துள்ள வழியும் இதுவே. செய்தி இழக்கப்படாதவரை எந்தப் பிரதியையும் மீண்டும் பெற இயலும்.

அவ்வாறு பெறும் கருவி எக்ஸ்.எஸ்.எல்.ரி. எனப்படும் உருமாற்ற மொழி. இதன் முதற் பதிப்பு 1999 நவம்பரில் வெளிவந்தது. வழக்கமான கணினி நிரலைப்போல ‘இதைச் செய், பின்னர் அதைச் செய்’ என்று அது கட்டளையிடுவதில்லை. ‘இத்தகைய கூறு எதிர்ப்படின் இவ்வாறு ஆகும்’ என்ற விதிகளின் தொகுதியே அது. தமிழிலக்கணம் கற்றோருக்கு இம்முறை அந்நியமானதன்று. நன்னூலார் பொதுவிதி கூறிச் சிறப்புவிதியால் அதனை விலக்குவதுபோல, ‘கூற்று’ என்ற பொதுக் கூறுக்கு ஒரு விதியும், ‘தாய் பேசும் கூற்று’ என்ற சிறப்புக் கூறுக்கு மற்றொரு விதியும் இருப்பின், சிறப்புவிதியே செல்லுபடியாகும். விதி எதுவும் கூறப்படாதவிடத்து இயல்பு விதி உண்டு: குறிகள் உதிர்ந்து எழுத்து மட்டும் அப்படியே கடந்து செல்லும். ஒரு விதிகூட எழுதப்படாத வெற்று உருமாற்றமும் நாடகம் முழுவதையும் ஒரே தொடராக ஒப்புவித்துவிடும் என்பது தொடக்கநிலையினரை வியக்கவைக்கும்.

மேலும் ஒரு பண்பு குறிப்பிடத்தக்கது. ஒரு கூற்றினைக் கையாளும் விதி, மரத்தின் வேறெந்த இடத்தையும் எட்டிப் பார்க்கலாம். மகனின் சட்டத்தைப் பெறும்போது, அவனது கூற்றுக்கு முந்திய கூற்றின் இறுதிச் சீரை மட்டும் எடுத்து, ‘…தம்பி!’ என்று குறிப்பாக முன்வைக்க ஒரு வரி விதி போதும். அலெயினின் தாளில் எழுதுவோன் கையால் செய்ததை அவ்விதி செய்கின்றது. அடிப் பிரதிக்கான விதியோ இன்னும் எளிது: பகுதி ‘முதல்’ எனின் புதிய வரி தொடங்குக, ‘ஈறு’ எனின் முன்வரியோடு சேர்க்க. கிடைப்பது:

மழைவரும் போலடா தம்பி! வரட்டுமே;
வெயிலிலே புழுங்கினோம் போதும்! புகையிலை?

இனி நமது பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். ஒரு மூலம், ஒரு விதித்தொகுதி. அவற்றிலிருந்து ஒரே முறையில் பல ஆவணங்களைப் பெறலாமா? 1999ஆம் ஆண்டுப் பதிப்பின் விடை, ஆகாது என்பதே. ஒரு மரம் உட்செல்லும். ஒரு மரம் வெளிவரும். இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் கவனக்குறைவன்று. விதிகள் எந்த ஒழுங்கில் இயங்கினாலும் பயன் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது அம்மொழியின் அடிப்படைக் கொள்கை. நடுவழியில் ஒரு கோப்பினை எழுதுதல் என்பது ஒழுங்கு சார்ந்த செயல். முதலில் எழுதியதைப் பின்னர் எழுதியது அழித்துவிடலாம். எனினும் நடைமுறைத் தேவை கொள்கையைக் காத்திருக்க விடவில்லை. சக்சன், சலான் முதலிய உருமாற்றிகளை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனப் பல்வெளியீட்டு நீட்சிகளை அமைத்தனர். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 2000 டிசம்பரில் வரைவாக வந்த 1.1 என்ற பதிப்பு இதனை முறைப்படுத்த முயன்று, 2001இல் கைவிடப்பட்டது. 2007 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பே பல்வெளியீட்டை மொழியின் உறுப்பாக ஏற்றது. ஒவ்வொரு வெளியீடும் தனக்கென முகவரியுடைய தனி மரம். இரண்டு வெளியீடுகள் ஒரே முகவரியை நாடின் அது பிழை. ஒழுங்குபற்றிய ஐயம் இவ்வாறு அகற்றப்பட்டது.

ஆனால் உலாவிகள் இரண்டாம் பதிப்பினை ஏற்கவேயில்லை. 2000களின் முற்பகுதியில் முதற்பதிப்பினைத் தம்முள் அமைத்துக்கொண்ட அவை அவ்விடத்திலேயே நின்றுவிட்டன. ஏற்றிருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கும். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உருமாற்றத்தின் பயன் அப்பக்கமாகத் தோன்றுகின்றது. இரண்டாவது ஆவணம் எங்கே செல்வது? வாசகரின் வன்தட்டில் அவரது அனுமதியின்றி எழுத எந்த வலைப்பக்கத்துக்கும் உரிமையில்லை, இருத்தலும் ஆகாது. ஊர்பேர் தெரியாத பக்கமொன்று நம் கணினியில் பத்துக் கோப்புக்களை எழுதிவிட்டுப் போகலாம் எனின், அதன் விளைவை ஊகிக்கலாம். ஆகவே உலாவியினுள் பல்வெளியீடு என்பது மொழியின் குறைபாடு மட்டுமன்று, பாதுகாப்புப் பற்றிய பிரச்சினையும் ஆகும்.

இத்தனை இடர்ப்பாடுகள் இருக்க, உருமாற்றத்தை உலாவியில் ஏன் செய்யவேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை வசதி பற்றியதன்று. யாரிடம் எது உள்ளது என்பது பற்றியது. அளவெட்டியில் ஒரு பாடசாலை நாடகமொன்றைப் பழக்குகிறது என்று கொள்வோம். அங்கே வழங்கியை வாடகைக்கு அமர்த்தவோ, அதனைப் பராமரிக்க ஒருவரை நியமிக்கவோ வழியில்லாதிருக்கலாம். பழைய கணினியொன்றிலும் உலாவி உண்டு. மூலம் ஒன்று, விதித்தொகுதி ஒன்று, அவற்றை இயக்கும் பக்கம் ஒன்று ஆகிய மூன்று கோப்புக்களும் கையிலிருப்பின் ஆசிரியர் ஒரு திருத்தம் செய்தவுடன் எல்லாச் சட்டங்களையும் புதிதாகப் பெறலாம். பதிப்புச் சாதனம் நிறுவனத்திடமிருந்து வாசகர் கைக்கு மாறுகின்றது. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. மூன்று கோப்புக்களையும் வன்தட்டிலிருந்து நேரே திறந்தால் குரோம் போன்ற உலாவிகள் ஒன்று மற்றொன்றைப் படிக்க அனுமதியா. விதித்தொகுதியையும் மூலத்தையும் பக்கத்தினுள்ளேயே பொதிந்துவைக்க நேரும்.

உலாவியின் எல்லைக்குள் கையாளப்பட்ட வழிகளுள் முதலாவது, ஒரே உருமாற்றத்தைப் பலமுறை இயக்குதல். விதித்தொகுதியில் ‘பாத்திரம்’ என ஒரு மாறி வெளியிலிருந்து ஏற்கத்தக்கதாக அமைக்கப்படும். பக்கத்திலுள்ள சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முதலில் ‘தாய்’ என்ற பெறுமானத்தைத் தந்து இயக்கும். பின் ‘மகன்’ என்று தந்து இயக்கும். விதித்தொகுதியை ஒருமுறை ஏற்றினாற் போதும். கிடைக்கும் துண்டுகளைப் பக்கத்தின் வெவ்வேறு கட்டங்களில் இடலாம். அல்லது ஒவ்வொன்றையும் நினைவகத்தில் தற்காலிகக் கோப்பாக்கி, பதிவிறக்குவதற்கான இணைப்பாகத் தரலாம். வாசகர் தாமே அழுத்திப் பெறுவதால் பாதுகாப்புக்கு ஊறில்லை. பத்துக் கோப்புக்களை ஒரே அழுத்தத்தில் இறக்க முயன்றால் உலாவி இடைமறித்து அனுமதி கேட்கும். அவற்றை ஒரு சிப் பொதியாகக் கட்டித் தருதலே நன்று.

இம்முறையில் ஒரு கண்ணி உண்டு. சட்டத்திலுள்ள கூற்றுக்களுக்கு எண் இடவேண்டும் என்று கொள்வோம். ஒத்திகையில் நெறியாளர் ‘மூன்றாம் கூற்றிலிருந்து தொடங்குக’ என்பார். தாயின் ‘புகையிலை?’ மூலத்தில் மூன்றாம் கூற்று. தாயின் கூற்றுக்களை மட்டும் எடுத்துத் தொகுத்த பட்டியலிலோ அது இரண்டாவது. எக்ஸ்.எஸ்.எல்.ரி.யில் இருவகை எண்ணுதலும் உண்டு. மூல மரத்தில் ஒரு கூறின் இடத்தை எண்ணுவது ஒன்று. நடப்பில் எடுத்துக்கொண்ட பட்டியலில் அதன் இடத்தை எண்ணுவது மற்றொன்று. பின்னதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு நடிகரின் கையிலும் வெவ்வேறு எண் இருக்கும்; ஒத்திகை குழம்பும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது என்பதால் இது கண்டுபிடிக்கக் கடினமானது. முழு நாடகத்தையும் அடிப் பிரதியையும் சட்டங்களையும் ஒன்றோடொன்று இணைப்பது இந்த எண் மட்டுமே. எனவே எண் மூலத்திலிருந்தே வரவேண்டும்.

இரண்டாவது வழியை உண்மையான பல்வெளியீடு எனலாம். நம் நோக்கில் அதுவே மேலானது. உருமாற்றம் ஒருமுறை மட்டும் இயங்கும். வெளிவரும் ஒற்றை மரத்தின் வேர் ‘வெளியீடுகள்’ என்ற கூறாக இருக்கும். அதன் கீழ் ‘கூற்றுப் பிரதி’, ‘அடிப் பிரதி’, ‘தாயின் சட்டம்’, ‘மகனின் சட்டம்’ என ஒவ்வொன்றும் பெயர் தாங்கிய தனிக்கிளை. மரம் வந்தபின் நிரல் அக்கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அவற்றின் பெயரிலேயே கோப்புக்களாக்கும். மொழி ஒரு மரமே தரும் என்ற கட்டுப்பாடு மீறப்படவில்லை. வன்தட்டில் எழுதும் வேலையும் விதிகளிடம் ஒப்படைக்கப்படவில்லை. எந்தப் பிரதிகள் உள்ளன என்ற பட்டியல் விதித்தொகுதியினுள்ளேயே இருப்பதால், பதிப்பின் கொள்கை ஓரிடத்தில் வெளிப்படையாக நிற்கின்றது. புதிய பாத்திரம் ஒன்று சேரின் சட்டமும் தானே சேரும்: பேசுபவர் பெயர்களை மூலத்திலிருந்தே மீளுரையின்றித் தொகுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கிளை என விதி அமையலாம்.

மூன்றாவது வழி, உலாவியின் சொந்த உருமாற்றியைக் கைவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்ட உருமாற்றியைப் பக்கத்தோடு கொண்டுவருதல். மைக்கல் கேயின் சக்சன் குடும்பத்தைச் சேர்ந்த சக்சன்-ஜேஎஸ் இத்தகையது. எக்ஸ்.எஸ்.எல்.ரி.யின் மூன்றாம் பதிப்பு (2017) அதில் இயங்குகின்றது. பல்வெளியீட்டுக் கட்டளைக்கு அங்கே புதுப்பொருள் தரப்பட்டுள்ளது: வெளியீட்டின் முகவரி வன்தட்டின் கோப்பாக இராமல், திறந்திருக்கும் பக்கத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். ஒரே உருமாற்றம் பக்கத்தின் இடப்புறத்தில் கூற்றுப் பிரதியையும் வலப்புறத்தில் அடிப் பிரதியையும் ஒருங்கே நிரப்பும். மஹாகவியின் செய்யுளை இரு நிலையிலும் அருகருகே நோக்க விரும்பும் வாசகருக்கு இதனினும் பொருத்தமான பக்க அமைப்பை எண்ணிப்பார்ப்பது கடினம்.

இவ்வழி இன்று விருப்பத் தெரிவாக மட்டும் இல்லை. 2025இல் குரோம் உலாவியை ஆக்குவோர், எக்ஸ்.எஸ்.எல்.ரி.யை உலாவியிலிருந்து நீக்கும் திட்டத்தை அறிவித்தனர். ஏனைய பெரிய உலாவிகளின் ஆக்கியோரும் அத்திசையை ஆதரித்தனர். கூறப்பட்ட காரணம் பாதுகாப்பு. குரோம் நம்பியிருந்த பழைய உருமாற்ற நிரற்றொகுதியில் நினைவகப் பிழைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டன. அதனை நெடுங்காலம் பெரும்பாலும் தன்னார்வமாகப் பராமரித்தவர் அவ்வாண்டில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். உலகின் கோடிக்கணக்கான கணினிகளில் இயங்கும் ஒரு கருவி ஓரிருவரின் கூலியற்ற உழைப்பில் தங்கியிருந்தது என்பதும், அதனால் இலாபம் ஈட்டிய நிறுவனங்கள் அவ்வுழைப்பைத் தாங்குவதற்குப் பதிலாகக் கருவியையே நீக்கத் தீர்மானித்தன என்பதும் சமூக நோக்குடையோர் ஊன்றிக் கவனிக்கவேண்டியன. பாதுகாப்பு வாதம் பொய்யன்று; ஆனால் பிழைகள் நிறைந்தமைக்குக் காரணமான புறக்கணிப்பு இயற்கையாக நேர்ந்ததும் அன்று.

இதனால் நமது பதிப்புக்கு ஏற்படும் பாதிப்பு எத்தகையது? முதல் இரண்டு வழிகளும் உலாவியின் சொந்த உருமாற்றியைச் சார்ந்தவை. அது நீங்கியவிடத்து, அதற்கீடாகப் பக்கத்தோடு ஏற்றப்படும் மாற்று நிரலின் துணையின்றி அவை இயங்கா. மூன்றாவது வழி தன் கருவியைத் தானே கொண்டுவருவதால் பாதிக்கப்படாது. நான்காவதாக ஒரு வழியும் உண்டு: வெளியிடுமுன் ஏதேனும் ஒரு கணினியில் உருமாற்றத்தை இயக்கி, எல்லாப் பிரதிகளையும் ஆயத்தக் கோப்புக்களாக வழங்கிவிடுதல். இது பழமையானது, உறுதியானது, எந்த உலாவியிலும் படிக்கத்தக்கது. ஆனால் பாடசாலை ஆசிரியர் ஒரு திருத்தம் செய்ய விரும்பினால் மீண்டும் பதிப்பாளரையே நாடவேண்டும். ஆய்வுப் பதிப்புக்கு நான்காவது வழியையும், பழக்கும் அரங்குக்கு மூன்றாவது வழியையும் நாம் பரிந்துரைப்போம். எவ்வழியைக் கொண்டாலும் மூலத்தின் ஒரு குறியைத்தானும் மாற்றவேண்டியதில்லை. கருவிகள் பத்தாண்டுக்கொருமுறை மாறுகின்றன. ‘மகன் பேசினான்’, ‘இது இரண்டாம் அடியின் முதல்’ என்ற குறிப்புக்கள் மாறுவதில்லை. மூலத்தை வெளியிடாது பி.டி.எவ். பிரதியை மட்டும் வெளியிடும் வழக்கம் இந்நிலையில் எவ்வளவு குறுகியது என்பது தெளிவு.

இறுதியாக, கணினி வல்லுநர் தாமாகத் தீர்க்கவியலாத ஒரு சிக்கலைச் சுட்டவேண்டும். தமிழ்ச் செய்யுளில் அலகிடுதல் புணர்ச்சியைச் சார்ந்தது. ‘என்று’, ‘அவன்’ என்று பிரித்து எழுதினால் அசை ஒருவகை. ‘என்றவன்’ எனப் புணர்த்தால் வேறுவகை. ஒரு பாத்திரத்தின் இறுதிச் சொல் ‘என்று’ ஆகவும் அடுத்த பாத்திரத்தின் முதற்சொல் ‘அவன்’ ஆகவும் இருந்து, இரண்டும் ஒரே அடிக்குள் வருமாயின், யாப்பு புணர்ச்சியை வேண்டும். அரங்கு பிரிப்பை வேண்டும். இருவர் வாயில் ஒரு சொல்லைப் பகிர்ந்து உச்சரிக்க முடியாது. அடிப் பிரதிக்குப் புணர்ந்த வடிவும் சட்டத்துக்குப் பிரிந்த வடிவும் வேண்டுமாதலால், மூலத்தில் இரண்டையும் மாற்று வடிவங்களாக அடுத்தடுத்துக் குறித்து, எப்பிரதிக்கு எது என்பதை விதியிடம் விடவேண்டும். சீர் பிளந்து சொல் சிதையும் வகையுளி இடங்களுக்கும் இதுவே முறை. எந்த இடத்தில் கவிஞர் புணர்ச்சியைக் கருதினார், எங்கே பேச்சின் இடைநிறுத்தத்தைக் கருதினார் என்பதைத் தீர்மானிக்க யாப்பறிவும் அரங்க அனுபவமும் ஒருங்கே வேண்டும். ‘கோடை’யின் ஒவ்வொரு பக்கத்திலும் அத்தீர்மானம் பலமுறை எடுக்கப்பட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் யார் எடுத்தார், எதனைக் கருதி எடுத்தார் என்பதையும் அவ்விடத்திலேயே குறித்துவைக்கலாம். பிரதிகள் எதிலும் தோன்றாதபடி அதனை மறைப்பதற்கு ஒரு விதி போதும்.